இரண்டு வயது முட்டைக்கோஸ்களுக்கான பந்தயம்

வலது கால் பெருவிரல் வீங்கியபோது, எப்போதோ குதிரை மிதித்த காயம் இப்போது தலைகாட்டுகிறது என்றுதான் சாதிர்குல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் நம்பியது. வீட்டில் மட்டும் அந்தக் கதை எடுபடவில்லை. அவர் மனைவி ஊல்கான் மாவட்ட மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். புருஷன் கையில் தானே ஊசி குத்தி, ரத்தத்தைத் தானே குழாயில் விட்டு, யூரிக் அமிலம் எவ்வளவு என்று தானே பார்த்தாள். அன்று சாயங்காலமே அடுப்படியில் தொங்கிக்கொண்டிருந்த கசித் துண்டுகளை, கொழுப்பு மின்ன வருஷம் முழுக்கக் காய்ந்த அந்தக் குதிரைக்கறி அடைத்த குடல்களை, அவிழ்த்துத் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குதிரை கிடையாது, ஆடு கிடையாது, ஆட்டுவாலின் கொழுப்பு கிடையாது. முட்டைக்கோஸ் உண்டு. காலையில் வதக்கியது, மத்தியானம் அவித்தது, ராத்திரி உப்பில் ஊறவைத்தது.

வெளியே எங்காவது தின்றுவிட்டு வரலாம் என்றால் திங்கட்கிழமை காலையில் ஊசியோடு நிற்பாள். "வெள்ளிக்கிழமை யார் வீட்டுக்குப் போனீங்க?" என்று குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்பாள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் பொய் சொல்லலாம். ரத்தத்தைப் பார்த்துக் கேட்பவளிடம் என்ன சொல்வது?

ஆகவே சாதிர்குல் கண்ணால் தின்னத் தொடங்கினார். கோக்-தாலா மாவட்ட அலுவலகத்தின் இணையதளம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. எப்போதாவது ஒரு அறிவிப்பு, எப்போதாவது ஒரு வாழ்த்து. மற்ற நேரமெல்லாம் அவருடையது. கசி செய்முறைகளையும், பெஷ்பர்மக் என்ற கறி நூடுல்ஸைப் பரிமாறும் வரிசையையும், எந்தப் புல்வெளியில் மேய்ந்த குதிரைக்கு எந்த ருசி என்ற நீண்ட வாக்குவாதங்களையும் வாசித்துக்கொண்டே டப்பாவிலிருந்த முட்டைக்கோஸைத் தின்றார். மறந்து வைத்த மருந்தைக் கொடுக்க ஒரு நாள் ஊல்கான் அலுவலகத்துக்கு வந்தாள். புருஷன் திரையைப் பார்த்தபடி வெறும் வாயை மென்றுகொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்தாள். மருந்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரமே அவள் தங்கை ஐசிரெக் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து இறங்கினாள். கணினி நிரல் எழுதிச் சம்பாதிப்பவள். அக்காவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் பூட்ஸை ஒளித்துவைத்துப் பரிசு வாங்கிக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அத்தானை வம்புக்கிழுப்பது அவளுக்கு வாழ்நாள் பாத்தியதை. அலுவலகத்துக்கே வந்து, அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, உட்கார்ந்து ஏதோ தட்டினாள்.

"முடிஞ்சது அத்தான். இனிமே உங்க கம்ப்யூட்டர் சுத்த சைவம்."

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"ஒரு குட்டி நீட்சி. பிரவுசர்ல ஒட்டிக்கிட்டே இருக்கும். குதிரை, ஆடு, கசி, கறின்னு எந்தப் பக்கத்துல வந்தாலும் முட்டைக்கோஸ்னு மாத்திடும். அக்கா உத்தரவு. கழட்டினீங்கன்னா எனக்குத் தகவல் வரும். எனக்கு வந்தா அக்காவுக்கு வரும்."

வேலையில் அவள் கெட்டிக்காரிதான். ஆனால் அவசரம். கிர்கிஸ் மொழியில் குதிரைக்கும் ஒருவருடைய பெயருக்கும் ஒரே சொல். 'அத்' என்றால் குதிரை; 'அத்' என்றால் பெயர். எந்த இடத்தில் எது என்று மனுஷனுக்குத் தெரியும். ஐசிரெக்கின் நீட்சிக்குத் தெரியாது. அது இரண்டையும் முட்டைக்கோஸாக்கியது.

முதல் இரண்டு நாள் சாதிர்குல் முறைத்துக்கொண்டிருந்தார். தேடும் கட்டத்தில் 'கசி' என்று தட்டினால் அவர் கண்ணெதிரிலேயே அது முட்டைக்கோஸ் ஆகி, முட்டைக்கோஸ் செய்திகளையே கொண்டுவந்து கொட்டியது. அவர் தட்டிய எழுத்தின் மீதே அது கை வைக்கிறது என்பதை அங்கேயே கவனித்து உஷாராகியிருக்கலாம். அவருக்கு எரிச்சல்தான் வந்தது, யோசனை வரவில்லை. மூன்றாம் நாள் சிரிப்பு வந்தது. மலையில் ஓநாய்கள் ஒரு மந்தை முட்டைக்கோஸைக் கிழித்துப்போட்டன என்று செய்தி. வெளிநாட்டு விருந்தாளிக்கு அங்கி போர்த்தி, உயர்ஜாதி முட்டைக்கோஸ் ஒன்றைப் பரிசளித்தார்கள். விருந்தாளி அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் சிரிப்பும் போய்ப் பழக்கமாகிவிட்டது. முட்டைக்கோஸ் என்று கண் வாசித்தால் மனசு தானாகவே குதிரை என்று எடுத்துக்கொண்டது. கண்ணாடி போட்டவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லையே, அந்த மாதிரி.

அப்போதுதான் மாவட்டத் திருவிழா வந்தது. அறுவடை முடிந்து அக்டோபரில் நடக்கும். குதிரைப் பந்தயம், மல்யுத்தம், ஆட்டு உடலை இழுத்துப் பறிக்கும் ஆட்டம், கடைசியில் ஊருக்கே கறி விருந்து. அகிம், அதாவது மாவட்டத் தலைவர், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அறிவிப்பைச் சாதிர்குல் தளத்தில் ஏற்றினார். வேறு கணினியிலிருந்து வந்த கோப்பை அப்படியே ஏற்றியதால் அது ஒழுங்காகவே போனது. மத்தியானம் அகிமின் காரியதரிசி போன் செய்து, பந்தயம் இரண்டு சுற்று இல்லை, மூன்று சுற்று, மாற்றிவிடுங்கள் என்றாள். சாதிர்குல் பக்கத்தைத் திறந்தார், இரண்டை மூன்றாக்கினார், சேமித்தார். ஒரு தடவை முழுக்கப் படித்தும் பார்த்தார். திரையில் இப்படி இருந்தது:

மாபெரும் முட்டைக்கோஸ் பந்தயம். இரண்டு வயது நிரம்பிய முட்டைக்கோஸ்கள் மட்டும் ஓடலாம். ஒவ்வொரு முட்டைக்கோஸுக்கும் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். கடிக்கும், உதைக்கும் முட்டைக்கோஸ்கள் விலக்கப்படும். மூன்று சுற்று முடித்து முதலில் கோட்டைத் தாண்டும் முட்டைக்கோஸே வென்றது. முதல் பரிசு: சேணம் பூட்டிய ஒரு முட்டைக்கோஸ். இரண்டாம் பரிசு: ஒரு கொழுத்த முட்டைக்கோஸ். விழா முடிவில் அனைவருக்கும் நாற்பது கொப்பரைகளில் முட்டைக்கோஸ் வேகவைக்கப்படும். மாவட்டத் தலைவரின் முட்டைக்கோஸால் அனைவரையும் வருக வருக என அழைக்கிறோம்.

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. சாதிர்குல் திருப்தியோடு டப்பாவைத் திறந்தார்.

மறுநாள் காலையில் முதல் போன் வந்தது. பேசியவர் ஆற்றங்கரை ஊரிலிருந்து ஹார்சான் மாஷின்லோ. அந்த ஊரில் இருப்பதெல்லாம் துங்கான்கள், எப்போதோ சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். காய்கறிப் பயிர் அவர்கள் கை. மாவட்டத்தில் யார் வீட்டுச் சட்டியில் பூண்டு விழுந்தாலும் அது அவர்கள் தோட்டத்துப் பூண்டாகத்தான் இருக்கும். ஆனால் திருவிழா என்றால் மலைப்பக்கத்துக் குதிரைக்காரர்களின் திருவிழா; துங்கான்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

"சலாம் பைகே," என்று அண்ணன் முறை வைத்து ஆரம்பித்தார். "உங்க அறிவிப்பைப் பாத்தேன். பந்தயத்துல நாங்களும் சேந்துக்கலாமா?"

"இதென்ன கேள்வி. மாவட்டத்துக்காரங்க எல்லாரும்தான்."

"இத்தனை வருஷத்துல எங்களைச் சேத்ததில்லையே, அதான் கேட்டேன். ரெண்டு வயசுன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் இடிக்குது. நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் இந்த வருஷத்துதுதான்."

"இந்த வருஷத்துது ஓடாதுங்க. நிக்கவே தெம்பிருக்காது."

"போன வருஷத்துது கொஞ்சம் இருக்கு. விதை எடுத்தாச்சு, அதனால வாடிப்போய் நிக்குது."

"விதை எடுத்தா அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாள் வாடும், அப்புறம் சாதுவாயிடும். தாராளமா கொண்டு வாங்க."

ஹார்சான், மருத்துவர் வேறு பார்ப்பாராமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பல்லைப் பார்ப்பார், காலைத் தூக்கிப் பார்ப்பார், பயப்பட ஒன்றுமில்லை என்றார் சாதிர்குல். அரசாங்கம் சொன்னால் சரிதான் என்று சொல்லிவிட்டு ஹார்சான் போனை வைத்தார். அன்று முழுக்க அதே ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. துங்கான்கள் எப்போது குதிரை வளர்க்க ஆரம்பித்தார்கள் என்று சாதிர்குல் தனக்குள் வியந்துகொண்டார்.

அதற்கு அடுத்த நாள் அகிம் கூப்பிட்டனுப்பினார். அகிமின் பெயர் ஓமுர்பெக் சிதீகொவிச். உடம்பு பெருத்த, குரல் சிறுத்த மனுஷர். தன் மேஜைமேலிருந்த கணினியைச் சாதிர்குல் பக்கம் திருப்பி, வாசி என்றார்.

சாதிர்குல் வாசித்தார். மாபெரும் முட்டைக்கோஸ் பந்தயம். அவர் மனசு இளகிவிட்டது. அகிமை இரக்கத்தோடு பார்த்தார்.

"உங்களுக்கும் யூரிக் அமிலமா, ஓமுர்பெக் சிதீகொவிச்?"

"எனக்கு எதுக்குய்யா அமிலம்?"

"உங்க கம்ப்யூட்டர்லயும் போட்டுட்டாங்களேன்னு..."

"போட்டது நீ. என் முட்டைக்கோஸால ஊரை வரவேற்கிறேன்னு போட்டிருக்க. எதுய்யா என் முட்டைக்கோஸ்? எங்க இருக்கு அது?"

சாதிர்குல் அங்கேயே நின்று ஐசிரெக்குக்குப் போன் போட்டார். அவள் நிதானமாகத்தான் விளக்கினாள். இணையப் பக்கத்தில் இருக்கிற எழுத்தை மாற்றுவதுதான் நீட்சியின் வேலை. அத்தான் உட்கார்ந்து திருத்துகிற கட்டமும் ஒரு பக்கம்தான். அதற்குள் இருப்பதையும் அது மாற்றிவைத்திருக்கும். மாற்றினதை அவர் சேமித்தால், மாறினபடியே ஊருக்குப் போய்விடும். தான் அதை யோசிக்கவில்லை என்றாள். பிறகு வரவேற்பு வாசகம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். சாதிர்குல் சொன்னார். அந்தப் பக்கத்தில் ஏதோ கீழே விழும் சத்தமும் அதன்பின் அவள் சிரிப்பும் கேட்டன. அகிமின் அறை முழுக்கக் கேட்டது.

உடனே திருத்திவிடுகிறேன் என்று சாதிர்குல் கதவைப் பார்த்துத் திரும்பினார். அகிம் உட்கார் என்றார். விஷயம் கைமீறியிருந்தது. காலையில் மாகாண அலுவலகத்திலிருந்து துணைத் தலைவரே பேசியிருக்கிறார். குதிரை குதிரை என்று எல்லா மாவட்டமும் ஒரே பாட்டைப் பாடுகையில், காய்கறி விவசாயிகளை விழாவின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது கோக்-தாலா ஒன்றுதான் என்று பாராட்டியிருக்கிறார். தொலைக்காட்சிக்காரர்களோடு தானே நேரில் வருவதாகவும் சொல்லியிருக்கிறார். எதற்குப் பாராட்டு என்று புரிவதற்கு முன்பே அகிம் நன்றி சொல்லி முடித்துவிட்டார்.

"இப்ப திருத்தினா நாம தப்புப் பண்ணினோம்னு ஆயிடும். ஒரு எழுத்தைத் தொடாத. முட்டைக்கோஸ் ஓடட்டும்."

"எப்படிங்க ஓடும்?"

"அதை நீ யோசி. விதிமுறை எழுதினது நீதானே. நீதான் தலைமை நடுவர்."

சாதிர்குல் தன் அறைக்குப் போய் நீட்சியைக் கழற்றினார். வீட்டுக்குத் தகவல் போகுமே என்றுகூடத் தோன்றவில்லை. ஆசை தீர ஒரு கசிப் பக்கத்தைத் திறந்தார். குதிரை குதிரையாகவே இருந்தது. ஒரு வரிகூட உள்ளே இறங்கவில்லை.

குதிரைக்காரர்கள் வந்தது அன்று சாயங்காலம். முன்னால் பெய்ஷென். பந்தயக் குதிரை பழக்குவதில் அவரை மிஞ்ச அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் இல்லை. இந்த விழாவுக்கென்று ஒரு கறுப்புக் குதிரையைக் கோடை முழுக்கத் தயார் செய்துவைத்திருந்தார். அதன் வியர்வையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் உப்புக் கரிக்கிறது, இன்னும் ஓட வேண்டும் என்பாராம். அவர் அகிமிடம் கத்தவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தயம் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

அகிம் காலையிலிருந்து இதைத்தான் மனசில் உருட்டிக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸ் ஓட வேண்டும் என்றுதான் அறிவிப்பில் இருக்கிறது. குதிரை முட்டைக்கோஸாக இருக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை என்றார். அவரவர் குதிரையை முட்டைக்கோஸ் என்று பதிந்துகொண்டு ஓட்டலாம், அலுவலகம் கண்டுகொள்ளாது.

"என் குதிரையைப் போய் முட்டைக்கோஸ்னு எழுதிட்டு, நாளைக்கு அது முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று பெய்ஷென் கேட்டார்.

ஆனாலும் பேனாவைக் கேட்டு வாங்கினார். ஒரு கோடை வீணாவதை அவரால் தாங்க முடியவில்லை.

கால்நடை மருத்துவர் சைராகுல் இன்னும் சிரமப்பட்டாள். மருத்துவமனை வாசலில் ஒரு பக்கம் குதிரைகள், ஒரு பக்கம் கூடைகள். குதிரைகளுக்கு 'முட்டைக்கோஸ், கறுப்பு நிறம், நான்கு காலும் நலம்' என்று எழுதினாள். கூடையில் வந்ததற்கு 'முட்டைக்கோஸ், வெளிர்பச்சை, கால் இல்லை, கடிக்காது' என்று எழுதினாள். வயது என்ற இடம் வந்தபோது ஹார்சான், முட்டைக்கோஸ் முதல் வருஷம் தலை கட்டும், இரண்டாம் வருஷம் பூத்து விதைவிட்டுச் சாகும், இரண்டு வயது முட்டைக்கோஸ் பந்தயத்துக்கு வந்தால் அது கிழவியைக் கூட்டிவந்த மாதிரி இருக்கும் என்று வருத்தத்தோடு சொன்னார். இளசுக்கும் சேர்த்து இரண்டு வயது என்று அவளே எழுதிக் கையெழுத்திட்டாள். அறிவிப்போடு தளத்தில் இருந்த அந்தப் படிவத்தில் அடுத்த கட்டத்துக்கு மேல் 'முட்டைக்கோஸ்' என்று இருந்தது. அது ஒரு காலத்தில் பெயர் எழுதும் இடமாக இருந்தது என்று ஹார்சானுக்கு எப்படித் தெரியும்? அவர் தன் விதையின் ரகத்தை எழுதினார்: ஸ்லாவா. ஸ்லாவா என்ற ரஷ்யன் ஒருவன் துங்கான் ஊரிலிருந்து பந்தயத்துக்கு வருகிறான் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

விழா நாள் நன்றாக விடிந்தது. மலைமேல் புதுப் பனி, கீழே காய்ந்த புல். மாகாணத் துணைத் தலைவர் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சாதிர்குலுக்குச் சிவப்புத் துணியில் நடுவர் பட்டை கட்டிவிட்டார்கள். பெருவிரல் காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. பூட்ஸை ஒரு காலில் மட்டும் போட்டுக்கொண்டு, மறுகாலில் கம்பளி உறையோடு நின்றார்.

கோட்டில் குதிரைகள் வந்து நின்றன. சவாரிப் பையன்கள் காதோரம் குனிந்திருந்தார்கள். கூட்டம் விலகி வழிவிட, ஹார்சானின் பழைய நீல லாரி உறுமிக்கொண்டு வந்து குதிரைகளுக்கு அடுத்தபடியாக நின்றது. பின்னால் பூக்கம்பளம் விரித்து, அதன்மேல் கழுவித் துடைத்த முட்டைக்கோஸ்கள் ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தன. ஹார்சானின் மனைவியும் இரண்டு மருமகள்களும் அவற்றை ஆளுக்குக் கொஞ்சமாக மடியில் அணைத்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் குதிரைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள்.

இது என்ன என்று பெய்ஷென் சாதிர்குலிடம் கேட்டார். சாதிர்குல் அகிமைப் பார்த்தார். அகிம் மலையைப் பார்த்தார். துணைத் தலைவர், ஆரம்பிக்கலாமே, வெயில் ஏறுகிறது என்றார். சாதிர்குல் கொடியை இறக்கினார்.

முதல் அரைச் சுற்றில் குதிரைகள்தான் முன்னால் போயின. அந்த லாரிக்குச் சூடேற நேரமாகும். சூடேறியபின் அது கறுப்புக் குதிரையை ஒட்டிப் போனது. பெய்ஷென் கோட்டோரம் ஓடிக்கொண்டே, திரும்பிப் பார்க்காதே, கடிவாளத்தை விடு என்று கத்தினார். மூன்றாம் சுற்றில் லாரியின் முன்விளக்கு ஒன்று கழன்று தொங்கியது, மருமகள்களில் ஒருத்தி முட்டைக்கோஸை விடாமல் இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். லாரி கோட்டைத் தாண்டி, நிறுத்தத் தெரியாமல் தேநீர்க் கூடாரம் வரை போய் நின்றது. கறுப்புக் குதிரை நுரை தள்ளிக்கொண்டு அடுத்ததாக வந்தது.

சண்டை பிடித்துக்கொண்டது. லாரி ஓடினால் அது லாரிப் பந்தயம் என்றார் பெய்ஷென். ஹார்சான் லாரியிலிருந்து இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சத்தம் போடாமல் பேசினார்.

"என் லாரி முட்டைக்கோஸைத் தூக்கிட்டு வந்துச்சு. உங்க முட்டைக்கோஸ் பையனைத் தூக்கிட்டு வந்துச்சு. யார் யாரைத் தூக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா பைகே?"

எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். சாதிர்குல் போனை எடுத்து, தான் ஏற்றிய அறிவிப்பைத் தானே முதல்முறையாக, முட்டைக்கோஸை முட்டைக்கோஸாகவே எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். மூன்று சுற்று முடித்து முதலில் கோட்டைத் தாண்டும் முட்டைக்கோஸே வென்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் சாட்டை வைத்திருந்தார்கள். ஒற்றைப் பூட்ஸோடு ஓடவும் முடியாது. ஆனால் வாசிக்க வாசிக்க அவருக்கு ஒரு விசித்திரமான தைரியம் வந்தது. வேறு வழியில்லை என்று ஆனபின் வருமே, அந்தத் தைரியம். முட்டைக்கோஸ்தான் ஜெயித்தது என்றார்.

"அப்ப பரிசு?" என்று யாரோ கேட்டார்கள்.

பரிசு கொடிமரத்தில் கட்டியிருந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த சிவலைக் குதிரை. அலுவலகம் அதை முன்பே வாங்கிவிட்டது. துங்கானுக்கு முட்டைக்கோஸ்தானே பரிசு, அவன் லாரியிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுங்கள் என்று குதிரைக்காரர்கள் பக்கம் சிரித்தார்கள். சாதிர்குல் மறுபடி வாசித்தார். சேணம் பூட்டிய முட்டைக்கோஸ் என்று இருக்கிறது, பரிசுக்கென்று கட்டிவைத்ததில் சேணம் ஏறக்கூடிய முட்டைக்கோஸ் அது ஒன்றுதான் என்றார். சைராகுல் அந்தக் குதிரையின் சான்றிதழைத் தூக்கிக் காட்டினாள். அதிலும் முட்டைக்கோஸ் என்றுதான் இருந்தது.

துணைத் தலைவர் முதலில் கைதட்டினார். அவருக்கு இதில் எவ்வளவு புரிந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் பரிசைத் தன் கையாலேயே கொடுப்பேன் என்றார். கட்டிவைத்திருந்த ஆட்டை விட்டுவிட்டு, கம்பளத்திலிருந்து கொழுத்ததாக ஒரு முட்டைக்கோஸைத் தேர்ந்தெடுத்துப் பெய்ஷெனிடம் நீட்டினார். கேமரா விளக்குகள் மின்னின. பெய்ஷென் அதை இரண்டு கையாலும் வாங்கி, குழந்தையைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படம்தான் பிறகு எல்லா இடத்திலும் வந்தது.

விருந்தில் இன்னொரு அடி காத்திருந்தது. சமையல்காரர்கள் பக்கத்து நகரத்து ஆட்கள். தளத்தில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு நாற்பது கொப்பரையிலும் முட்டைக்கோஸை வேகவைத்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் எழும்பிய ஆவியில் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. இன்று ஒரு நாள் ஊல்கான் கண்ணில் படாமல் ஒரு துண்டாவது என்று நினைத்திருந்த சாதிர்குல் தேநீர்க் கூடாரத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். துங்கான் பெண்கள்தான் நிலைமையைக் கையில் எடுத்தார்கள். லாரியிலிருந்து காடியும் மிளகாயும் பூண்டும் இறங்கின. கொப்பரை கொப்பரையாகத் தாளித்துக் கொட்டினார்கள். ஜனங்கள் திட்டிக்கொண்டே தின்றார்கள், தின்றுகொண்டே மறுபடி தட்டை நீட்டினார்கள். ஊல்கான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கூடாரத்தின் பின்னால் வந்தாள். நீட்சியைக் கழற்றிய தகவல் அவளுக்கு எப்போதோ வந்திருந்தது. அதைப்பற்றிக் கேட்கவில்லை.

"எல்லாரும் உங்களைத் தேடறாங்க. அடிக்கறதுக்கு இல்ல. சாப்பிடுங்க," என்றாள்.

அகிம் அடுத்த வாரம் மாகாண அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனார், பதவி உயர்வோடு. சாதிர்குலுக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் பெயரைச் சொல்லித் தண்டித்தாலும் விழா தப்பு என்று ஆகிவிடும் என்பதால் அலுவலகம் அவரைத் தொடாமல் விட்டது.

சிக்கல் ஹார்சானுக்குத்தான் வந்தது. துங்கான் ஊரில் குதிரைக்கு லாயம் இல்லை. தோட்டத்து ஓரமாகக் கட்டிவைத்தார். அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு பாத்தி முட்டைக்கோஸைத் தின்று தீர்த்து, வயிறு உப்பிப் படுத்துவிட்டது. செய்தி எப்படியோ பெய்ஷெனுக்கு எட்டியது. விழாவிலிருந்து யாரோடும் பேசாமல் இருந்த மனுஷர், சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த ஊருக்கு ஓடினார். குதிரையை எழுப்பி, நடக்கவைத்து, வயிற்றை நீவிவிட்டு, ஹார்சானை ஒரு மணி நேரம் திட்டினார். ஹார்சான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தார். மறுநாளும் பெய்ஷென் வந்தார், குதிரை எப்படி இருக்கிறது என்று பார்க்க. அதற்கு அடுத்த நாளும்.

பனி விழத் தொடங்கிய சமயத்தில் சாதிர்குல் ஒரு வேலையாக அங்கே போனார். புது அகிமுக்கு மாகாணத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது, முட்டைக்கோஸ் பந்தயத்தை வருஷாவருஷம் நடத்த வேண்டும் என்று. ஊர்க்காரர்களோடு கலந்துபேசி விதிமுறை எழுதச் சொல்லியிருந்தார்கள். முற்றத்தில் ஹார்சான் சிவலைக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்திருந்தார். பெய்ஷென் பக்கத்தில் நடந்தபடி, முதுகை நிமிர்த்து, மூட்டை மாதிரி உட்காராதே என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

சாதிர்குல் உத்தரவைச் சொன்னார். லாரியை அனுமதிக்கலாமா கூடாதா என்று கேட்டார்.

"கூடாது," என்றார் பெய்ஷென்.

"கண்டிப்பா கூடாது," என்றார் குதிரைமேலிருந்து ஹார்சான். "இறங்கறது எப்படின்னு முதல்ல சொல்லுங்க."

பெய்ஷென் கடிவாளத்தைச் சாதிர்குல் கையில் கொடுத்துவிட்டு, ஹார்சானின் இடது காலைப் பிடித்துச் சேணத்தின் கால்வளையத்திலிருந்து விடுவித்தார்.